நிக்காஹுக்கு முன் தீட்டிய கத்தி

மகளின் நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று தெரியப்படுத்திவிட்டார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு கிடையாது. எல்லாம் புரியும், ஆனால் வாயிலிருந்து ‘ம்’ மட்டும்தான் வரும், அதுவும் மனம் வைத்தால். இடது கையால் தன் தாடையை வறட்டு வறட்டென்று சொறிந்து காட்டினார். பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்த தன் தம்பியை நோக்கி விரலை நீட்டினார். இந்த முகத்தோடு பெண்ணுக்காகச் சம்மதம் சொல்ல நான் உட்கார மாட்டேன், அவன் உட்காரட்டும் என்று அதற்கு அர்த்தம்.

மகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “அத்தா உக்காந்து சம்மதம் சொல்லலைன்னா எனக்கு இந்த நிக்காஹே வேணாம்மா” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். நடுவில் நான்.

எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வயசுக்கு வந்த நாளிலிருந்து சவரக்கத்தியால் தானே மழித்துக்கொண்டவர். தாடையில் ஒரு முடி தெரிந்தால் கடைக்குப் போகமாட்டார். இப்போது வலது கை தொங்கிவிட்டது, வலது கன்னமும் தொங்கிவிட்டது. பிளாஸ்டிக் ரேசர் போட்டால் முகமெல்லாம் கொப்புளம் கிளம்பிச் சீழ் வைக்கும். சலூன்காரரை வீட்டுக்கே வரவழைத்தோம். டிரிம்மரின் இரைச்சலுக்குத் தொங்கிய கன்னம் துடிக்க ஆரம்பித்ததும், துண்டை உருவி எறிந்துவிட்டார். சலூன்காரரும் “ரத்தம் நிக்காதுன்னு சொல்றீங்க, கத்தி வைக்க எனக்குப் பயமா இருக்குக்கா” என்று போய்விட்டார். அவர் பயந்ததிலும் தப்பில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. சின்னக் கீறல்கூடப் படக்கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பீரோவைத் திறந்து அவருடைய கத்தியை எடுத்தேன். மாதக்கணக்காகச் சும்மா கிடந்ததில் வெட்டும் வாயில் புள்ளி புள்ளியாகத் துரு. கல்லும் தோல்வாரும் அதன் கூடவே இருந்தன. நான் பேகம்பூரில் தோல் வேலை செய்யும் வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் கத்தி தீட்டத் தெரியும். சவரக்கத்தி என்ன பெரிய கத்தி என்று கொல்லையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன்.

கல்லை நனைத்து, எங்கள் வீட்டில் தீட்டுகிற மாதிரியே தீட்டினேன். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு. அதன் முதுகைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் தேய்க்க வேண்டும். கை அப்படியே பழகியது, சவரக்கத்தியையும் அப்படியே தூக்கிப் பிடித்தது. துரு போனது, வாய் பளபளத்தது. ஒரு பழைய பெல்ட் துண்டை எடுத்து இழுத்துப் பார்த்தேன். வெண்ணெயாக அறுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மத்தியானம் சோப்பு நுரை பூசி, அவர் இடது கன்னத்தில் கத்தியை வைத்தேன். அது மழிக்கவில்லை. முடியைக் கவ்விப் பிடுங்கியது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வழுக்கவில்லையே என்று நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டார். நல்லவேளை, தோல் கீறவில்லை. நுரையைத் துடைத்துவிட்டுக் கத்தியை மடக்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமையும் தீட்டினேன். தீட்டத் தீட்ட மழுங்கியது. முழங்கையில் இருக்கும் பூனைமுடியைக்கூட எடுக்கவில்லை. கல்லைக் குறை சொன்னேன், தண்ணீரைக் குறை சொன்னேன், நாலு பேருக்கு முன்னால் முகம் காட்டக் கூச்சப்படுகிற மனுசனைச் சத்தமாகவே குறை சொன்னேன். கூடத்தில் நாற்காலியில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொல்லைக்கு வந்து, என் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தார்.

“என்னாங்க, வந்து வேடிக்கை பாக்குறீங்களா?” என்றேன்.

அவர் இடது கையை நீட்டி, கல்லின்மேல் இருந்த கத்தியின் முதுகில் ஆட்காட்டி விரலை வைத்து அழுத்தினார். தூக்கி நின்ற முதுகு கல்லில் படிந்தது. நான் மறுபடி தேய்த்தபோது பழக்கத்தில் அது எழும்பியது. மறுபடி அழுத்தினார். மூன்றாம் தடவை விரலை எடுக்கவே இல்லை. நான் தள்ளத் தள்ள அவர் விரலும் கூடவே வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் சரிவு. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படுத்தால்தான் அது சரியான கோணத்துக்கு வரும். நான் தூக்கிப் பிடித்து வாயின் நுனியை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தேன். பெல்ட் தோலில் சோதித்தது அதைவிட மடத்தனம். தோலை அறுப்பதற்கு வாயில் அரம் மாதிரி சொரசொரப்பு இருந்தால் போதும். முகத்துக்கு அது ஆகாது.

நான் உருட்டிக் கெடுத்ததைச் சரிசெய்யச் சனிக்கிழமை பாதிப் பொழுது போனது. வீடு நிறைய சொந்தக்காரர்கள். “கல்யாண வீட்டுல கத்தியத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, அடுப்புல வெஞ்சனத்தப் பாக்க வேணாமா?” என்று என் நாத்தனார் வந்து நின்றாள். “செத்த நேரம் இருங்க, வாரேன்” என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் தோல்வார். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்து, முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர இழுத்தேன். வார் தொய்ந்தால் வாய் உருண்டுவிடும் என்று இந்த முறை நானே யோசித்துக்கொண்டேன். அழுத்தாமல் கத்தியின் எடையை மட்டும் விட்டபோது கரகரப்புப் போய், துணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்றைக்கும் தீட்டும்போது அந்தச் சத்தம் வரும்வரை நிறுத்தமாட்டேன். முழங்கையில் வைத்தேன். முடி தானாக உதிர்ந்தது.

கூராகிவிட்டது என்று தெரிந்ததும்தான் பயம் முழுசாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். இடது கன்னம் சிரமமில்லாமல் வந்தது. வலது கன்னத்தை என் இடது கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு மழித்தேன். தொண்டைக்கு வந்தேன். “எச்சிலை முழுங்கிறாதீங்க” என்றேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரைக்கூட நம்பாமல் முறைத்துக்கொண்டே இருக்கிற மனுசர். கழுத்து முழுக்க முடிந்து, தாடைக்குக் கீழே ஒரே ஒரு கீற்று மிச்சம் இருந்தபோது அவர் முழுங்கிவிட்டார்.

கடுகளவு ரத்தம். படிகாரம் வைத்தேன், பஞ்சை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்தால் மறுபடி துளிர்த்தது. வண்டி வந்துவிட்டது. சட்டை மாட்டும்போதும் விரலை எடுக்கவில்லை, வண்டியில் ஏறியபோதும் எடுக்கவில்லை. மண்டபம் போய்ச் சேரும்வரை அவர் கழுத்தை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லலாமா என்று ஒவ்வொரு முக்கிலும் நினைத்தேன். கேட்டால் அவர் கையால் ‘நேரே’ என்று காட்டினார்.

ஆண்கள் பக்கத்து வாசலுக்குமேல் நான் போக முடியாது. அவருடைய தம்பி கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தார். நான் விரலை எடுத்தேன். பஞ்சை என் வீட்டுக்காரரே பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

பெண்கள் பக்கம் மகளுக்கு அருகில் போய் உட்கார்ந்தேன். மைக்கில் மட்டும்தான் அந்தப் பக்கம் நடப்பது கேட்கும். நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் குத்பா பிரசங்கத்தை முடித்துவிட்டு, “பொண்ணோட அத்தா, உங்களுக்குச் சம்மதம்தானே?” என்று கேட்டார். மைக்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. வெள்ளைச் சட்டைக் காலரில் சிவப்பு பரவுவதாகவே எனக்குத் தோன்றியது. யாரோ இருமினார்கள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, அடித்தொண்டையிலிருந்து ஒரு “ம்ம்” வந்தது.

“அல்ஹம்துலில்லாஹ், அத்தா சம்மதம் கொடுத்துட்டாரு” என்றார் ஹஜ்ரத்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கையெழுத்து வாங்கப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். மகள் பேனாவை வாங்கியவள் என் விரலைப் பார்த்துவிட்டாள்.

“ம்மா, என்னா ரத்தம்?”

“உங்க அத்தாவோடது.”

“நின்னுருச்சா?”

அது எனக்கே தெரியாது.

“நின்னுருச்சு” என்றேன். “நீ கையெழுத்தப் போடு.”