மதார் பாயின் கை

மெர்வினுக்கு ஐம்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. ஒரே ஒரு கவலைதான். 'பொருநைக் காட்சிகள்' என்ற முகநூல் குழுவில் மாதம் ஒரு படத்தை முகப்பில் வைப்பார்கள். அதில் அவர் படம் இதுவரை வந்ததில்லை.

குழுவில் முப்பதாயிரம் பேர். பாதிப் பேர் வளைகுடாவில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கிறவர்கள். நிர்வாகி சிராஜுதீன் தோஹாவிலிருந்து போட்ட விதி இது: முகப்புப் படத்தில் ஆள் தென்படக் கூடாது. அவர் ஊரைவிட்டுப் போய் இருபது வருஷம் ஆகிறது என்பது அந்த விதியிலேயே தெரிந்தது. தாமிரபரணியில் ஆள் குளிக்காத இடம் ஏது? மெர்வின் அனுப்பிய ஒன்பது படங்களும் தள்ளுபடியாயின. ஒன்றில் சோப்பு நுரையோடு ஒரு முதுகு. இன்னொன்றில் அவர் கொக்கு என்று எடுத்தது, காயப்போட்ட பனியன்.

"ஆளே இருக்கக் கூடாதுன்னா நம்ம தெருக்குழாயை எடுத்துப் போடுங்க. தண்ணியும் வராது, ஆளும் வராது" என்றாள் மனைவி ரீபா.

மாதக் கடைசி நாள், முதல் பஸ்ஸிலேயே முக்கூடலுக்குப் போனார். மேற்கே மலையெல்லாம் பொன்னாக வெயில். ஆற்றில் ஐந்து பேர்.

"ரெண்டே நிமிஷம், கொஞ்சம் கரையேறுங்களேன்" என்று கெஞ்சினார்.

"ஏறினா குளிரும் சார்வாள்" என்றார் டீக்கடை மதார் பாய். "நாங்க முங்கிக்கிடுதோம், நீங்க எடுங்க. பத்து எண்ணுத வரைக்கும் நான் தாங்குவேன். இந்த மணிராஜுதான் ஆறுலயே எந்திச்சிருவான்."

"யாரு வே ஆறு? போன வாரம் நீரு மூணுலயே இருமிக்கிட்டு வந்தீரு!" என்றான் மணிராஜ்.

ஐந்து தலைகளும் முங்கின. அலை அடங்கி, எட்டு எண்ணும்போது ஆற்றுத் தண்ணீர் கண்ணாடியாயிற்று. மெர்வின் மலையை மட்டுமே பார்த்து அமுக்கினார். வெயிலில் போன் திரை சரியாகத் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறியதும் படத்தைக் குழுவில் போட்டுவிட்டார்.

வீடு சேருமுன் இருநூறு பேர் சிரித்திருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். நடு ஆற்றில், தண்ணீருக்கு மேலே ஒரு கை. கையில் ரோஸ் நிற சோப்பு. மதார் பாய் அன்றைக்குத்தான் புது சோப்பு பிரித்திருந்தார். கரைந்துவிடுமே என்று அதை மட்டும் மேலே பிடித்திருக்கிறார். "இது எங்க மாமா கையில்லா!" என்று அபுதாபியிலிருந்து ஒருவர் சாட்சி சொல்லியிருந்தார்.

சிராஜுதீனே போன் பண்ணினார். "அண்ணாச்சி, விதி தெரியும்லா?"

"தெரியும் தம்பி. படத்துல ஆளு இல்ல. கை மட்டுந்தான் இருக்கு."

"கை ஆளுகிட்டதான அண்ணாச்சி இருக்கும்?"

"இருக்கும். ஆனா அந்த ஆளு படத்துல இல்லியே."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற மூச்சு கேட்டது. "சரி, ஓட்டுக்கு விடுதேன்."

மறுநாள் காலை முடிவு வந்தது. கை ஆள் அல்ல என்று நாலாயிரம் பேர். ஆள்தான் என்று தொள்ளாயிரம் பேர். படம் முகப்பில் ஏறியது. முகப்பு அளவுக்கு வெட்டியதில் மலை முழுக்கப் போய், கையும் சோப்பும்தான் மிஞ்சின. கீழே 'படம்: மெர்வின்' என்று இருந்தது. அதை அவர் ஏழு முறை படித்தார்.

உடனே மதார் பாய்க்குப் போன் போட்டார். "பாய், நம்ம படம் வந்துட்டு!"

"பார்த்தேன் சார்வாள். அடுத்த மட்டம் முன்னாலயே சொல்லிருங்க. நகத்தை வெட்டிட்டு வாரேன்."