ஏழு இலைக்கு ராஜ்மா

கல்யாண சமையலில் புதிதாக இறங்கும் பிள்ளைகள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது ஒன்று உண்டு. "மாஸ்டர், உங்க சர்வீஸ்ல ரொம்ப பயந்த சமையல் எது?" ஆயிரம் இலைப் பந்திக்கு நடுவே பாயசம் அடிபிடித்தது, முகூர்த்த நேரத்தில் கேஸ் தீர்ந்தது என்று ஏதாவது சொல்வேன் என்று பார்ப்பார்கள். அதெல்லாம் நடந்திருக்கிறது. எதற்கும் பயந்ததில்லை. நான் பயந்தது என் சொந்த வீட்டு அடுப்படியில்தான். ஏழு இலைக்கு வைத்த ராஜ்மா, வாசலில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கும்போது, கல்லாக இருந்தது.

1. எனக்கு வராத கணக்கு

என் மகள் கௌரி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் அங்கித் என்ற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையனுக்கு இமாச்சலப் பிரதேசத்தில் மலையூர். முதலில் எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. பையனை நேரில் பார்த்த பிறகு ஒப்பியது. அவனுடைய அம்மா ஊர்மிளாதான் பிடி கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அம்மா சரி சொல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று பையன் சொல்லிவிட்டான். வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டாள். இரண்டு வீடும் அப்படியே நின்றது.

அந்த நேரத்தில்தான் ஒரு கிருத்திகைக்கு அவர்கள் திருத்தணி வருவதாக கௌரி போன் செய்தாள்.

"முருகரைப் பாக்கத்தான் வராங்களாம் நைனா, பொண்ணு பாக்க இல்லையாம். மலையிலேர்ந்து எறங்கி நம்ம வீட்ல சாப்புடுவாங்க. அம்மாவ சாம்பார் வெக்கச் சொல்லு, போதும்."

"அவங்க வீட்ல லீவு நாள்ல இன்னா சாப்புடுவாங்க?"

"ராஜ்மாவும் சோறும். அதெல்லாம் உனக்கு எதுக்கு?"

எனக்கு எதுக்கா? இந்த வட்டாரத்தில் என் பந்தியில் உட்காராத குடும்பம் குறைவு. ராஜ்மாவை நானே வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி சரோஜாவுக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பை நான் பற்றவைத்ததே கிடையாது. காபிகூடப் போட்டதில்லை. "மண்டபத்துல நீங்க மாஸ்டரா இருங்க. இங்க வந்து ஏன் எடத்த அடைக்கிறீங்க?" என்றாள். நான் கேட்கவில்லை. பஜாரில் போய் ராஜ்மா வாங்கிவந்தேன். கருஞ்சிவப்பு ராஜ்மா இல்லை. வெளிறிய தோலில் பழுப்புப் புள்ளி விழுந்த ஜாதி, காடை முட்டை மாதிரி இருக்கும். அதுதான் மலைக்காரர்கள் சாப்பிடுவது என்று கடைக்காரர் சொன்னார்.

சரோஜா பையைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னாங்க இது? வரவங்க மூணு பேரு, நம்ம மூணு பேரு, சாமிக்கு ஒண்ணு. ஏழு இலைக்கு ரெண்டு கிலோவா?"

நூறு இலைக்குக் கீழே எனக்குக் கணக்கு வராது. தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. அவளே இரண்டு கை அளந்து போட்டுவிட்டு மிச்சத்தை அலமாரியில் ஏற்றினாள். பிறகு நான் அவளை அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கரண்டியைத் தவிர வேறொன்றும்

எங்கள் சமையல் செட்டில் ஒரு சட்டம் உண்டு. சாமிக்குப் படைக்கும் முன்னால் எவனும் ருசி பார்க்கக்கூடாது. உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் மூக்குதான் சொல்ல வேண்டும். அண்டாவுக்குள் கரண்டியைத் தவிர வேறொன்றும் போகாது. விரல் வைத்து நசுக்கிப் பார்ப்பதும் கிடையாது. கடலையோ காராமணியோ, தோல் வெடித்து வாசனை மாறினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை பெண் வீட்டு மாமா ஒருவர் படையலுக்கு முன்னால் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிவிட்டார். மொத்த ரசத்தையும் கொட்டிவிட்டு வேறு வைத்தேன். திமிர் பிடித்தவன் என்று அவர் மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்னது தப்பில்லை.

கிருத்திகை என்பதால் வெங்காயம், பூண்டு வீட்டுக்குள் வராது. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இஞ்சி, பெருங்காயம், சீரகம், தக்காளி போதும். முதல் நாள் ராத்திரியே ராஜ்மா பயறை ஊறவைத்தேன். காலையில், ஊருக்கு வந்திருந்த கௌரி அங்கித்தையும் அவன் அப்பா அம்மாவையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். விசில் அடிக்கிற பாத்திரத்தை நான் என்றைக்கும் நம்பியதில்லை. அகலப் பாத்திரத்தில்தான் வேகவைத்தேன். நேரம் ஆக ஆகத் தோல் வெடித்தது, வாசனை வந்தது. தக்காளியை இஞ்சியோடு சுண்ட வதக்கி மேலே கொட்டி மூடினேன். மணம் தெருவுக்குப் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் வந்து "மாஸ்டர், வீட்ல கல்யாணமா?" என்றார். "ஆங், கிட்டத்தட்ட" என்றேன்.

3. கோலிகுண்டு

படையலுக்கு எடுக்க சரோஜா உள்ளே வந்தாள். கரண்டியிலிருந்து ஒரு பயறு மேடையில் விழுந்தது. அதை எடுத்து விரலால் நசுக்கினாள். அது நசுங்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி விழுந்தது.

"இன்னாங்க இது, வேவவே இல்லயே!"

"தோலு வெடிச்சிகீது பாரு."

"தோலு வெடிச்சா சரியா? உள்ள கோலிகுண்டு மாதிரி கீது. எந்தத் தண்ணில வேக வெச்சீங்க?"

"பைப்புத் தண்ணிதான்."

"போர் தண்ணிலயா? நம்ம வீட்டு போர் தண்ணில துவரம்பருப்பே வேவாது. நான் கேன் தண்ணிலதான வெப்பேன்."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? பக்கத்துல வராதன்னு சொன்னீங்களே."

மண்டபத்தில் சமையலுக்கு லாரியில் நல்ல தண்ணீர் வந்துவிடும். என் வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று எனக்குத் தெரியாது. உப்புத் தண்ணீரில் வேகாத பயறு மேல் நான் தக்காளிப் புளிப்பையும் கொட்டியிருக்கிறேன். புளிப்பு ஏறிய பயறு அதற்கு மேல் லேசில் வேகாது. இது சமையல் செட்டில் தட்டு கழுவுகிறவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ நின்றது. என் மானம் போவது இருக்கட்டும், கௌரியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அவள் என்னிடம் சாம்பார் மட்டும்தான் கேட்டாள்.

சரோஜா பேச்சை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். மசாலாவைத் தனியாக வடித்தாள். பயறை அலசினாள். கேன் தண்ணீர், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, குக்கர். "போயி மோர் குடுங்க. மலை எறங்கி வந்துகீறாங்க" என்று என்னை விரட்டினாள். மோரைக் கொடுத்தேன். கிருத்திகைக் கூட்டத்தில் நின்று வந்தவர்கள் களைத்திருந்தார்கள். அங்கித்தின் அப்பா நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை மூடிவிட்டார். ஊர்மிளா அம்மா மோரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்தது. படையலுக்குரிய நேரத்தில் விசில் அடித்தால் என்ன அர்த்தம் என்று எந்த ஊர்ப் பெண்ணுக்கும் தெரியும். அவர் எழுந்து நேராக அடுப்படிக்கு வந்தார்.

4. விரல்

வடித்த மசாலா ஒரு பக்கம், அலசிய தட்டு ஒரு பக்கம். ஊர்மிளா அம்மா எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். சரோஜா குக்கரைத் திறந்தாள். அவர் கரண்டியை எடுத்து, ஒரே ஒரு பயறை அள்ளி, கையைத் தூக்கினார்.

"ஐயோ! வாய்ல வெக்காதீங்க!"

கத்தியது நான்தான். என் குரல் மண்டபத்துக் குரல். கூடத்தில் அங்கித்தின் அப்பா விழித்துக்கொண்டார். அங்கித் எழுந்து நின்றான். ஊர்மிளா அம்மாவின் கை அப்படியே நின்றது, முகம் சிவந்துபோயிற்று. சம்பந்தம் முறிந்தது என்று நினைத்தேன். சரோஜா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

கௌரி ஓடிவந்தாள். "இன்னா நைனா இது?"

"சாமிக்கி இன்னும் வெக்கலம்மா. ருசி பாக்கப் போனாங்க, அதான்."

கௌரி இந்தியில் சொன்னாள். எவ்வளவு தேன் தடவிச் சொன்னாளோ தெரியாது. ஊர்மிளா அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பயறை இடது உள்ளங்கையில் போட்டு, இரண்டு விரலால் நசுக்கி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஓரம் மசிந்திருந்தது, நடுவில் வெள்ளையாகக் கட்டி. அப்புறம் பேசினார்.

கௌரி சொன்னாள்: "'எங்க வீட்லயும் சாமிக்கு வெக்காம வாய்ல வெக்க மாட்டோம். அதுக்குத்தான விரல் கீது'ன்றாங்க நைனா. 'இவரு எத வெச்சி பாப்பாரு'ன்னு கேக்கறாங்க."

நான் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் அடக்கிக்கொண்டது தெரிந்தது.

அதற்குப் பிறகு அடுப்படி என் கையில் இல்லை. சரோஜா தமிழில் பேசினாள், அவர் இந்தியில் பேசினார், இருவருக்கும் எல்லாம் புரிந்தது. தமிழும் தெலுங்கும் தெரிந்த எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. குக்கர் மறுபடி ஏறியது. என் தக்காளி மசாலாவை அவர் முகர்ந்து பார்த்து, மரியாதையாக மூடி நகர்த்திவைத்தார். தயிர் கேட்டார். அவர்கள் ஊர்க் கல்யாண விருந்தில் ராஜ்மாவுக்கு வெங்காயமும் கிடையாது, பூண்டும் கிடையாது, தயிர்தானாம். கிருத்திகைக்கு அதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்?

நெய்யில் சீரகம், பட்டை, கிராம்பு, தட்டிய ஏலக்காய், மஞ்சள். கடைந்த தயிரை ஊற்றியதும் கரண்டியை என் கையில் கொடுத்து, கிண்டு என்று சைகை காட்டினார். தயிரை நெருப்பில் விட்டுக் கை நிறுத்தினால் திரிந்துவிடும். இந்த ஒன்று எனக்குத் தெரியும். அண்டா அண்டாவாக மோர்க்குழம்பைத் திரியாமல் இறக்கிய கை இது. தீயைத் தணித்து ஒரே பக்கமாகக் கிண்டினேன். தயிர் சுருங்கி நெய் பிரிந்தபோது வெந்த பயறு வந்து விழுந்தது. இந்தத் தடவையும் ஊர்மிளா அம்மா ஒரு பயறை எடுத்து, நசுக்கி, என் உள்ளங்கையில் தடவினார். மாவாக இருந்தது.

படைத்து, கற்பூரம் காட்டி, இலையில் உட்கார்ந்தோம். பயறு முழுசாக இருந்தது, நாக்கில் பட்டதும் கரைந்தது. புளிப்பு லேசாக, நெய்யும் ஏலக்காயும் பின்னாலேயே வந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் பந்தியில் அப்படி ஒரு பண்டம் வந்ததில்லை. ஊர்மிளா அம்மாவுக்கு இலையில் சாப்பிட்டுப் பழக்கமில்லை. ராஜ்மா ஓடப் பார்த்தது. சோற்றால் அணை கட்டுவது எப்படி என்று சரோஜா காட்டிக்கொடுத்தாள். அவர் இரண்டாம் தடவை வாங்கினார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

கௌரி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "'நல்லா கிண்டினாரு'ன்றாங்க நைனா. 'கல்யாணத்துக்கு மத்ததெல்லாம் அவரே செய்யட்டும், ராஜ்மா மட்டும்...'"

அதோடு நின்றுவிட்டாள். தன் வாயால் சொன்னதை அவளே அப்போதுதான் கேட்டாள்.

"இன்னாடி? முழுசா சொல்லு," என்றாள் சரோஜா.

கௌரி சோற்றுக் கையோடு அழுதுகொண்டிருந்தாள். கடைசியில் அங்கித்தான் தனக்குத் தெரிந்த தமிழில் முடித்தான். "கல்யாணம்ல ராஜ்மா அம்மா பண்ணும். மாமா கிண்டும்."

எனக்கும் கண் கலங்கியது. காரம் என்று சொல்ல முடியவில்லை. அதில் மிளகாயே இல்லை.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

மறுநாள் என் தக்காளி மசாலா தோசைக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருந்தது.

கல்யாணம் திருத்தணி மலையடிவாரத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. ஐந்நூறு இலைக்கு எவ்வளவு ராஜ்மா ஊறப்போடுவது என்று ஊர்மிளா அம்மா விழித்தார். அது என் கணக்கு, நான் சொன்னேன். அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சாமி படையலுக்கு முன்னால் ஒரு பயறை எடுத்து உள்ளங்கையில் நசுக்கினார். என் செட்டு ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கிண்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, பிள்ளைகளே, மூக்கை நம்புங்கள், தப்பில்லை. பயறு மட்டும் மூக்குக்குக் கட்டுப்படாது. ஒன்றை வெளியே எடுத்து நசுக்கிப் பாருங்கள். அண்டா தீட்டாகாது. எந்த இடத்தில் அடுப்பு மூட்டினாலும், அங்கே எந்தத் தண்ணீரில் பருப்பு வேகும் என்று முதலில் கேளுங்கள். அந்த அடுப்படியில் தினமும் நிற்கிறவர்களிடம் கேளுங்கள். அவர்களைப் பக்கத்தில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு மட்டும் கேட்காதீர்கள்.

இப்போது என் வீட்டு அடுப்படிக்குள் போக எனக்கும் அனுமதி இருக்கிறது. கிண்டுவதற்கு மட்டும்.