சக்கரச் சங்கத்துக் கூரையும் ஒரு பிரியாத பொட்டலமும்

பாத்திரக் கடையின் உள் மூலையில், கல்லாவுக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒரு மேசை இருக்கிறது. அதன் பின்னால் நிற்பவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் கடை முதலாளியே "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கைவிரித்துவிடுவார். எல்லோருக்கும் அவள் முடிச்சக்கா. பரிசு வாங்க வருகிறவர்களின் பொருளுக்குப் பளபளத் தாள் சுற்றி, நாடா கட்டித் தருவது அவள் வேலை.

அவள் கைவேலையைப் பற்றி உலவும் கதைகளுக்குக் கணக்கே கிடையாது. ஒருமுறை கடைப் பூனை பெரிய அண்டாவுக்குள் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் அண்டாவோடு சேர்த்துக் கட்டிவிட்டாளாம். கல்யாண வீட்டில் பிரித்தபோது அது சாவகாசமாகச் சோம்பல் முறித்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனதாம். இதை யாராவது அவளிடம் கேட்டால் மறுக்கமாட்டாள். "பூனை இல்லீங்க, பூனைக்குட்டி" என்று திருத்துவாள்.

அவள் சொந்தமாகக் கண்டுபிடித்த முடிச்சு ஒன்று உண்டு. வாங்கிய பரிசை வழியிலேயே பிள்ளைகள் பிரித்துவிடுகிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் புலம்பப் போக, நாடாவின் நுனியைப் பெட்டிக்கு அடியில் மடிப்புக்குள் ஒளித்துவைத்து ஒரு கட்டுக் கட்டினாள். மேலே பார்த்தால் பூ மாதிரி இருக்கும். நகத்தால் கிள்ளினாலும் பல்லால் கடித்தாலும் இன்னும் இறுகுமே தவிர இளகாது. அடியில் ஒளிந்திருக்கும் குட்டி வாலைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் போதும், கட்டு மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பரிசு வாங்கிப் போகிறவர் காதில் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் ஓதி அனுப்புவாள்: "யாருக்குக் குடுக்கறீங்களோ, அவங்ககிட்ட அடியில இருக்கற குட்டி வாலை இழுக்கச் சொல்லுங்க."

இத்தனை பேர் பொட்டலத்தைக் கட்டியவள் மனசில் ஒரே ஒரு பொட்டலம் மட்டும் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முடிச்சக்கா அவரை அண்ணி என்பாள். டீச்சர் தெருவில் நடந்தால் சைக்கிள்கள் தாமாக வரிசையில் நிற்கும். தெருமுனைத் தண்ணீர்க் குழாய்கூட அவரைக் கண்டால் சொட்டுவதை நிறுத்திக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவர் வேலையில் இருந்த காலத்தில் புது வீட்டுக்குக் குடிபோனபோது, முடிச்சக்கா தன் முதல் போனஸில் ஒரு மேசை விளக்கு வாங்கினாள். பட்டை தீட்டிய கண்ணாடிக் கூடு போட்டது. ராத்திரி உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிற அண்ணியின் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று நினைத்தாள். நீலத் தாளில் சுற்றி, வெள்ளி நாடாவில் தன் சிறந்த முடிச்சைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஆசையாகக் கேட்டாள்: "பிடிச்சுதா அண்ணி?"

"ஓ! தினமும் உபயோகப்படுது" என்றார் டீச்சர், எங்கோ பார்த்துக்கொண்டு.

ஆனால் அந்த விளக்கு அந்த வீட்டில் எந்த மேசையிலும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனை தடவை போயிருப்பாள்! கூடம், படுக்கை அறை, கை கழுவுகிற சாக்கில் சமையலறை என்று கண்ணால் வலைபோட்டுத் தேடிவிட்டாள். உடைந்துவிட்டதா, யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாரா, பெட்டிக்கடை சாமான் என்று ஒதுக்கிவிட்டாரா? கேட்க வாய் வரவில்லை. வருஷங்கள் ஓடின. கேட்காத கேள்வி, காலில் ஏறிய ஆணி மாதிரி நடக்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது.

இந்த நிலைமையில்தான் சக்கரச் சங்கத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது.

பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். இடுப்பு ஒடிந்தவர்களுக்கும் படுத்த படுக்கையானவர்களுக்கும் சக்கர நாற்காலி, கைத்தடி, மடக்குக் கட்டில் எல்லாம் இலவசமாக இரவல் தருகிற அக்கம்பக்கத்தார் சங்கம் அது. டீச்சர்தான் தலைவி. ஒரு பழைய கார் கொட்டகைதான் ஆபீஸ். கூரைத் தகடுகளில் ஓட்டை விழுந்து, நாற்காலிகள் எல்லாம் துருப்பிடித்து, போன மாதம் ஒரு சக்கர நாற்காலி போட்ட கிரீச்சில் அதில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து நடந்தே போய்விட்டார் என்று பேச்சு. அடுத்த மழைக்குள் கூரை மாற்றியாக வேண்டும்.

நிதி திரட்டக் கூட்டம் கூடியது. சங்கத்தின் துணைத் தலைவரான சலூன்காரர் தொண்டையைச் செருமினார். "பேசாம ஒரு பாட்டுக் கச்சேரி வைப்போம். நானே பாடறேன்."

"நீங்க பாடாம இருக்கறதுக்கு டிக்கெட் போட்டா, கூரை என்ன, மாடியே கட்டிடலாம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

கடைசியில், வீட்டில் உபயோகப்படாமல் கிடக்கும் நல்ல பொருட்களைச் சேகரித்து, பக்கத்து மண்டபத்தில் சந்தை வைத்து விற்பது என்று முடிவாயிற்று. முதல் ஆளாக மருந்துக்கடைக்காரர் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சலூன்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் ஷேவிங் நுரை மாதிரி வெளுத்தது.

"யோவ், இது உன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வச்சுக் குடுத்த கடிகாரம்யா!"

"அ... அப்படியா? ஒரே மாதிரி நாலு வந்துச்சு. அதுல எது உன்னுதுன்னு..."

"நாலுல என்னுதுதான் வேண்டாததாப் போச்சா?"

ஒரு வாரத்துக்கு மருந்துக்கடைக்காரர் முடி வெட்டிக்கொள்ள வேறு தெருவுக்குப் போனார். இப்படியே போனால் சந்தை முடிவதற்குள் தெருவில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள் என்று டீச்சர் கவலைப்பட்டார். பாதிப் பொருட்கள் யாரோ யாருக்கோ கொடுத்த பரிசுகள்தானே!

அப்போது முடிச்சக்காதான் வழி சொன்னாள். "எல்லாத்தையும் நான் கட்டிடறேன் அண்ணி. உள்ள என்னன்னு தெரியாமலே வாங்கட்டும். சின்னப் பொட்டலம் ஒரு விலை, பெரிய பொட்டலம் ஒரு விலை. வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்கணும்."

டீச்சருக்குத் திட்டம் பிடித்துவிட்டது. சட்டங்களை அங்கேயே அறிவித்தார். எடுத்தது எடுத்ததுதான், மாற்றக் கூடாது. மண்டபத்துக்குள் பிரிக்கக் கூடாது. பிறகு சற்றுத் தயங்கி, "ஒண்ணு மட்டும்மா. உன்னோட அந்த முடிச்சு வேண்டாம். சாதாரண முடிச்சாப் போடு. ஜனங்க பாவம்" என்றார்.

முடிச்சக்காவுக்குச் சுருக்கென்றது. விளக்குதான் பிடிக்கவில்லை, முடிச்சுமா பிடிக்கவில்லை?

அவள் கணவனுக்கு லிப்ட் பழுது பார்க்கிற வேலை. சாதுவான மனிதர். வாயைத் திறக்க வைக்க ஸ்பேனர் போட வேண்டும். வீடு வீடாகப் பொருள் சேகரித்து வரும் பொறுப்பு அவருடையது. அக்கா வீட்டுக்குப் போனபோது டீச்சர் குளியலறைக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தார்: "பரண்ல இருக்கறதெல்லாம் எடுத்துக்கடா!" சொன்னதைச் சொன்னபடி செய்கிற தம்பி பரணைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கடை விடுமுறை நாளன்று மண்டபத்தின் பின்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தாள் முடிச்சக்கா. கணவர் கொண்டுவந்த கூடையின் அடியில் கைவிட்டபோது ஒரு பெட்டி தட்டுப்பட்டது. தூசியைத் துடைத்தாள். நீலத் தாள், வெள்ளி நாடா. மேலே பூ மாதிரி ஒரு முடிச்சு, கட்டிய அன்று இருந்தபடியே, இன்னும் கொஞ்சம் இறுகி.

பிரிக்கவே இல்லை!

அப்படியே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உடைந்துபோயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூடவா தோன்றவில்லை? தினமும் உபயோகப்படுதாம், தினமும்!

"வேற தாள் சுத்திடு" என்றார் பின்னால் வந்து நின்ற கணவர். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"மாட்டேன். இப்படியேதான் வைப்பேன். முன் வரிசையில, உங்க அக்கா கண்ணுல படற மாதிரி."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"எதுவா இருந்தாலும்."

சந்தை நாள் வந்தது. மண்டப வாசலில் டீச்சர் பெரிய அட்டையில் கொட்டகையின் படம் வரைந்து வைத்திருந்தார். ஒரு தகட்டுக்கான காசு சேரச் சேர, படத்தில் ஒரு தகட்டுக்குச் சிவப்பு வர்ணம் ஏறும். பொட்டலங்கள் சூடாக விற்றன. உள்ளே என்ன என்று தெரியாத பொருளுக்கு இருக்கும் மவுசே தனி. குலுக்கிப் பார்க்கிறவர்கள், முகர்ந்து பார்க்கிறவர்கள், காதில் வைத்துக் கேட்கிறவர்கள் என்று ஒரே அமளி. மதியத்துக்குள் படத்தில் பாதிக் கூரைக்குமேல் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு கூட்டம் மெல்ல வடியத் தொடங்கியது. மிச்சக் கூரை வெள்ளையாகவே நின்றது.

டீச்சர் மேடையிலிருந்து இறங்கி, மீதி எவ்வளவு இருக்கிறது என்று மேசைப் பக்கம் வந்தார். முடிச்சக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். டீச்சரின் கண் முன் வரிசையில் விழுந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அவர் கை நீளுவதற்கும் சலூன்காரர் அந்த நீலப் பொட்டலத்தைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வதற்கும் சரியாக இருந்தது.

"அதைக் குடுங்க" என்றார் டீச்சர்.

"எடுத்தது எடுத்ததுதான் டீச்சர். உங்க சட்டம்தானே?"

"அதுக்குப் பதிலா ரெண்டு பெரிய பொட்டலம் நான் வாங்கித் தரேன்."

சலூன்காரருக்கு மூக்கு வேர்த்தது. தலைவியே தவிக்கிறார் என்றால் உள்ளே லேசுப்பட்ட சரக்கா இருக்கும்? குரலை உயர்த்தினார். "எல்லாரும் கேளுங்க! டீச்சர் இதைக் கேக்கறாங்க! என்ன குடுக்கலாம்?"

போய்க்கொண்டிருந்த கூட்டம் திரும்பி வந்தது. "ஒரு தகடு!" என்று கத்தினார் மருந்துக்கடைக்காரர்.

"ரெண்டு தகடு" என்றார் டீச்சர்.

"மூணு!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். உள்ளே வெள்ளிக் குத்துவிளக்கு இருப்பதாக ஒருவர் சொன்னார். குத்துவிளக்கு அவர் வாயிலிருந்து அடுத்த வரிசைக்குப் போவதற்குள் நகைப் பெட்டியாகிவிட்டது. வாசல் பக்கம் போனபோது அரண்மனைப் பத்திரமே ஆகியிருந்தது. ஏலம் ஏறிக்கொண்டே போனது. டீச்சர் விடவில்லை. அவர் நெற்றியில் வியர்வை. கடைசியில், அட்டைப் படத்தில் வெள்ளையாக மிச்சமிருந்த தகடுகளை ஒருமுறை பார்த்தார். "மிச்சக் கூரை முழுக்க என்னுது. பெட்டியைக் குடுங்க."

மண்டபமே கைதட்டியது. முடிச்சக்காவின் கை மட்டும் எழவில்லை. வேண்டாம் என்று பரணில் போட்டதை இத்தனை பாடுபட்டு ஏன் மீட்கிறார்? ஒன்றுமே புரியவில்லை.

"பணம் சங்கத்துக்கு, பெட்டி உங்களுக்கு. ஆனா உள்ள என்னன்னு பாக்காம எனக்குத் தூக்கம் வராது" என்று சலூன்காரர் சட்டத்தைக் காற்றில் விட்டு முடிச்சில் கைவைத்தார். கிள்ளினார். இழுத்தார். பல்லால் கடித்தார். பத்து வகைக் கத்தரி பிடித்த விரல்கள், ஒரு நாடாவிடம் மண்டியிட்டன.

"அது வராது!" என்று வெடித்தார் டீச்சர். "எத்தனை வருஷமா நான் மல்லுக்கட்டறேன்! ஊசி வச்சுப் பாத்தேன், கொக்கி வச்சுப் பாத்தேன். எண்ணெய்கூட விட்டுப் பாத்துட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

முடிச்சக்கா மெதுவாக முன்னால் வந்தாள். "கத்தரிக்கோலால வெட்டியிருக்கலாமே அண்ணி?"

"எப்படி வெட்டுவேன்? அவ்வளவு அழகா நீ கட்டிக் குடுத்ததை! அதுவும் போக..." டீச்சரின் குரல் இறங்கியது. "நான் கணக்கு டீச்சர்ம்மா. ஒரு நாடாகிட்டத் தோத்துட்டேன்னு உன்கிட்ட எப்படி வந்து சொல்ல? இன்னிக்குப் பிரிச்சுடலாம், நாளைக்குப் பிரிச்சுடலாம்னே போயிடுச்சு. நீ கேட்டப்ப வாயில வந்த பொய்யைச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் உள்ள என்ன இருக்குன்னு உன்னைக் கேக்கவும் முடியல. பரண்ல அது இருக்கறதை மறந்துட்டு எல்லாத்தையும் எடுத்துக்கன்னுட்டேன்."

அப்போதுதான் முடிச்சக்காவுக்கு மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. கொடுக்கிறவர் காதில் குட்டி வாலைப் பற்றி ஓதுகிறவள் அவள். ஊரில் ஒருவரையும் விட்டதில்லை. ஆனால் அன்று கொடுத்தவளே அவள்தானே! தன் காதில் தானே ஓதிக்கொள்ள யாருக்குத் தோன்றும்? அண்ணியிடம் சொல்லவே இல்லை.

"ஐயோ அண்ணி, தப்பு என்னுது" என்று சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியை வாங்கிக் கையை அடியில் கொடுத்து ஓர் இழுப்பு. வெள்ளி நாடா பொலபொலவென்று சரிந்தது.

"இவ்வளவுதானா!" என்றார் டீச்சர், ஏமாற்றமும் நிம்மதியுமாக. கண்ணாடிக் கூட்டை இரண்டு கையாலும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, "இந்த விளக்கு இருந்திருந்தா அத்தனை பிள்ளைங்களுக்கும் இன்னும் கொஞ்சம் தாராளமா மார்க் போட்டிருப்பேன்" என்றார்.

அதற்குமேல் மண்டபத்தில் சட்டமாவது ஒன்றாவது! எல்லோரும் தங்கள் பொட்டலங்களை அங்கேயே பிரித்தார்கள். சலூன்காரர் தான் வாங்கியிருந்த இன்னொரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த அதே சுவர்க் கடிகாரத்தை வெறித்துப் பார்த்தார். பின்பு மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து முடிச்சக்காவைப் பார்த்தார்கள். அவள் மும்முரமாகக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது டீச்சர் அவளை ஓரமாக அழைத்தார். "எந்தப் பக்கத்து வாலை இழுத்தே? சரியாப் பாக்கல. சொல்லிக் குடுத்துடு."

"சொல்ல மாட்டேன் அண்ணி."

"ஏன்டி?"

"அடுத்த பரிசு வந்தா நீங்க என்னைக் கூப்பிடணும்ல?"

கொட்டகைக்குப் புதுக் கூரை வந்துவிட்டது. டீச்சர் மேசையில் விளக்கு எரிகிறது. யார் எந்தக் கடையில் எதை வாங்கிக் கொடுத்தாலும், அது சாதா ரப்பர் பேண்டு போட்ட பெட்டியாக இருந்தாலும் சரி, டீச்சர் அதைத் தொடுவதில்லை. போனை எடுத்து, "ஏம்மா, இங்க ஒண்ணு பிரிய மாட்டேங்குது, வந்துட்டுப் போ" என்கிறார். முடிச்சக்காவும் கடை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுகிறாள்.