கயிற்றோடு குதிக்கும் கால்

மூன்று வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை. காலை ஃபெர்ரி போர்ட் பிளேர் பக்கம் சாத்தம் ஜெட்டியை, அதாவது படகுத்துறையை, நெருங்குகிறது. கூட வந்தவர்கள் எல்லாம் மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் ஒரு மனிதரின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வம் அண்ணன். என் பெரியம்மா மகன். ஃபெர்ரியில் கயிறு போடும் வேலை. போட் ஜெட்டியைத் தொடுவதற்கு முன்னால், கையில் கயிற்றோடு கரையில் முதலில் குதிப்பவர் அவர்தான். தினமும் வலது காலை உந்திக் குதிப்பார். அன்றைக்கு இடது காலை உந்தினார். கரையில் இறங்கியதும் தடுமாறி, கயிறு கட்டும் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

யாரும் கவனிக்கவில்லை.

ஜெட்டிக்கும் போட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் கறுப்பாகக் குமுறும். போட் ஆடி வந்து இடிக்கும். அங்கே ஒரு கால் வழுக்கினால்...

அதற்கு முந்தின நாள் ஞாயிறுதான் எல்லாம் ஆரம்பம். ஃபுட்பால் செமிஃபைனல். அண்ணனும் நானும் பேம்பூஃப்ளாட் டீம். கிரவுண்டு கடல் தாண்டி, போர்ட் பிளேரில். எப்போதும் ஒரே கதைதான் — ஃபெர்ரி லேட், ஜெட்டியிலிருந்து ஓட்டம், ஆட்டோ, நேரே ஆட்டம். வார்ம் அப் என்று நான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். ஜெட்டியில் ஓடினோமே, அது என்ன சும்மாவா என்பார்கள். பையோடு ஓடி, ஆட்டோவில் ஏழு பேர் மடங்கி உட்கார்ந்து, இறங்கியதும் முழு வேகத்தில் பந்தைத் துரத்துவதற்குப் பெயர் வார்ம் அப்பா?

அன்று இரண்டாவது நிமிடத்திலேயே அண்ணன் வலது பின்தொடையைப் பிடித்துக்கொண்டார். "குச் நஹி, குச் நஹி", ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டுக் கடைசி வரை ஆடினார். ஜெயித்த கோலும் அவருடையதுதான். அடுத்த ஞாயிறு ஃபைனல்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அதனால் டீமில் எழுத்து வேலையெல்லாம் என் தலையில். பதினோரு பேர் பட்டியலும் என் கையெழுத்தில்தான் போகும். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். வலது காலில் பத்து முறை நொண்டியடித்துக் காட்டச் சொன்னேன். மூன்றாவதிலேயே சுவரைப் பிடித்தார்.

"சண்டேக்குள்ள சரியாயிடும். நீ பேரை எழுது, அவ்ளோதான்."

"சண்டே இல்லண்ணே, எனக்கு டெய்லி காலைலதான் பயம். நீங்க குதிக்கிறதப் பார்த்தேன்."

"நீ என்ன டாக்டருக்கா படிச்ச?"

என் ப்ளஸ் டூ பரீட்சை அன்று, தூரத்தில் நான் ஓடி வருவதைப் பார்த்து, கயிற்றை அவிழ்க்காமல் போட்டை நிறுத்தி வைத்தவர் அவர். அன்று திட்டு வாங்கினார், எனக்காக. அவர் பெயரைத்தான் நான் எழுத மாட்டேன் என்கிறேன்.

எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை வேறொருவர் கயிற்றோடு குதித்தார். அண்ணன் உள்ளே, ஆட்களை இறக்கிவிடும் சங்கிலிப் பக்கம் நின்றார். போட் ஓட்டும் சாரங்கிடம் அவரே கேட்டு வேலையை மாற்றிக்கொண்டாராம். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஃபைனல் அன்று டீம் முழுவதையும் ஃபெர்ரி டெக்கிலேயே நிற்க வைத்தேன். நின்ற இடத்தில் ஓட்டம், இடுப்பு, தொடை, கணுக்கால் என்று ஒன்று விடாமல். மீன் கூடையோடு நின்ற ஒரு அக்கா, "என்ன தம்பி, போட்டு முழுகப் போவுதா? எல்லாம் நீச்சல் பழகுறீங்க" என்றார். டெக்கே சிரித்தது. ஆட்டோவும் வேண்டாமென்று மெதுவோட்டமாகவே கிரவுண்டுக்குப் போனோம்.

தோற்றோம். ஒரே கோலில். செல்வம் இருந்திருந்தால்... என்று என் காதில் விழும்படியே சொன்னார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் யாரும் நொண்டாமல் திரும்பியதை அன்று யார் பேசினார்கள்? அடிபட்டவரைத் தூக்கப் பத்து பேர் ஓடிவருகிறோம். அடிபடாமல் இருக்கப் பத்து நிமிடம் நிற்க மாட்டேன் என்கிறோம்.

நேற்றுக் காலை. சாத்தம் ஜெட்டி. கயிறு மறுபடி அண்ணன் கையில். வலது காலை உந்தினார். குதித்தார். கயிற்றைச் சுற்றி இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

இன்னும் என்னோடு பேச்சு இல்லை. என்னைப் பார்த்தும் பார்க்காமல், கோபமாகத்தான் நிற்கிறார்... இரண்டு காலையும் நன்றாக ஊன்றி.