இன்னும் வளருவானா

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பூங்காவில் கோடை முழுக்கப் பேஸ்பால் நடக்கும். அங்கே தகர வாங்கில் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளை எடைபோடுவதில் ஒரு காலத்தில் எனக்கு அப்படியொரு சந்தோசம் இருந்தது. நான் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன். விடியப் போனால் பின்னேரத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவேன். பேஸ்பாலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாமல்தான் இருந்தேன். மகன் பந்து எறியத் தொடங்கிய பிறகு அதிலேயே பைத்தியமாகிப்போனேன்.

அந்த வருடம் எங்கள் கழகத்தில் பேர் சொல்லும்படி பந்தெறிகிற பிட்ச்சர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் என் மகன். மற்றவன் அவனுடைய நண்பன், ஹெயிட்டியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. இருவருக்கும் பதினைந்து வயது. நண்பனுக்கு அப்போதே மீசை கறுத்து, தோள் திரண்டு, ஆம்பிளை உடம்பு வந்துவிட்டது. அவன் எறியும் பந்து கையுறையில் விழும் சத்தத்துக்குத் தெருவில் போகிற நாய் நின்று திரும்பிப் பார்க்கும். என் மகன் ஒட்டடைக் கம்பு. கையும் காலும் நீளம், வேகம் குறைவு. வசந்தத்தில் வாங்கிய சப்பாத்து இலையுதிருமுன் அவனுக்குப் போதாமல் போய்விடும்.

நண்பனின் தகப்பன் கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி இறக்கும் வேலை செய்கிறார். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, அவர் என் மகனைப் புகழுவார், நான் அவர் மகனைப் புகழுவேன். உள்ளுக்குள் இருவரும் என்ன நினைத்தோம் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இந்த விளையாட்டில் ஆள் தெரிவு செய்ய வருகிறவர்கள் இன்றைய வேகத்தைப் பெரிதாக எடுப்பதில்லை. முற்றிய உடம்பில் இனிக் கூடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். உள்ளங்கை எவ்வளவு அகலம், தோள் இன்னும் விரியுமா, தாய் தகப்பன் என்ன உயரம் என்றெல்லாம் பார்த்து, நாலைந்து வருடத்துக்குப் பிறகு வரப்போகிறவனை இன்றே மனதில் எழுப்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நானும் கற்றுக்கொண்டேன். எனக்கு அது நன்றாகவே வந்தது.

என் மனைவி ஒரு போட்டிக்கும் வந்ததில்லை. கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் வேலை. வேலையால் வந்தால் களைப்பு என்பாள். அந்த ஆடி மாதம், நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு விளையாட்டுப் பள்ளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், ஒரேயொரு பிட்ச்சருக்குத்தான் இடம் என்று தெரியவந்தது. மகன் அதைத் தவிர வேறு பேச்சில்லாமல் திரிந்தான். பிள்ளை ஆசைப்படுகிறான், ஒருக்கா வந்து பாரன் என்று நான் கெஞ்சிக் கேட்டுத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தேர்வாளர் தொப்பி போட்ட, தன்மையாகப் பேசுகிற ஒரு கிழவர். பையன்களை வரிசையில் நிறுத்தினார். கைகளை நீட்டச் சொல்லி உள்ளங்கையைத் தன் உள்ளங்கையோடு வைத்துப் பார்த்தார். திரும்பி நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து தோளைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் இருக்கிற மிதப்பில் நான் இருந்தேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்திருந்ததைக் கவனிக்கவே இல்லை. பிறகு பார்த்தால் அந்த இடம் சிவந்து கிடந்தது.

எறிதல் முடிந்ததும் அவர் எங்களிடம் வந்தார். என்னை எழுந்து நிற்கச் சொல்லித் தலையிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருக்கு எங்கள் மகனைப் பிடித்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு மனைவியிடம் திரும்பி, இவன் இன்னும் வளருவான்தானே, மடாம், என்று கேட்டார்.

மனைவி எழுந்து நின்றாள். மகனுக்கு முழங்கையில் வருத்தம் என்றாள். கனகாலமாக இருக்கிறது, இரவில் நோவில் அழுகிறான், எங்களுக்குத்தான் தெரியும் என்றாள். தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சு பேசுகிறவள் அன்று ஒரு சொல்லிலும் தடக்கவில்லை. அத்தனையும் பொய்.

பிட்ச்சர் ஒருவனைப் பற்றி முழங்கை என்ற சொல்லைவிடக் கெட்ட சொல் கிடையாது. எங்கள் இலக்கத்தைக் குறிக்க எடுத்த போனைக் கிழவர் சட்டைப்பைக்குள் வைத்தார். வைத்தியரிடம் காட்டுங்கள் என்று அனுதாபமாகச் சொல்லிவிட்டு நண்பனின் தகப்பனிடம் போனார். கம்பி வேலியோடு நின்ற மகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். எங்களோடு பிரெஞ்சிலேயே பேசுகிற பிள்ளை, காரில் ஏறியதும் தமிழில் கேட்டான்.

"ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?"

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். பிள்ளையின் வாழ்க்கையில் மண் போட்டுவிட்டாய் என்றேன். அதைவிட மோசமாகவும் ஏதோ சொன்னேன். அவள் சாப்பாட்டு மேசையில் இருந்து, நான் ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்து காணாமல் போனான் என்பது எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை. எங்கள் ஆட்களுக்குள் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. போரின் கடைசிக் காலத்தில், வன்னியில், பிள்ளைகளைச் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போக வீடு வீடாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் வயதைக் கேட்டுவிட்டு உயரத்தைத்தான் பார்ப்பார்களாம். அதனால் பிள்ளைகளைக் கூனி நடக்கப் பழக்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தாய்மாரின் வாயில் ஒரு வருத்தம் தயாராக இருந்தது. ஒரு வீட்டில் வலிப்பு, ஒரு வீட்டில் முழங்கால். இவர்கள் வீட்டில் இழுப்பு, மூச்சுத் திணறல். தம்பிக்குப் பதினாறு வயது. வந்த இருவரும் மரியாதையான பொடியங்களாம், தண்ணி வாங்கிக் குடித்திருக்கிறார்கள். பெடியன் நல்லா வளந்திட்டான், இன்னும் வளருவான் போல, என்று அவர்களில் ஒருவன் சொல்லியிருக்கிறான்.

"தம்பிக்கு இழுப்பு எண்டு சொல்ல அம்மாக்குத் தெரியும். நாங்கள் சொல்லிப் பழக்கித்தான் வைச்சிருந்தனாங்கள். அண்டைக்குப் பெருமையில மறந்து போனா. ஓம், தேப்பனைவிட உயருவான் எண்டு சொல்லிப்போட்டா."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்குப் பயம் வந்தது. நான் பார்த்துப் பழகிய அந்தப் பார்வையை நினைத்து வந்த பயம். அதன் பிறகு அந்த வாங்கில் என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. பையன்கள் வரிசையாக நின்றால் அந்த வரிசை வேறெங்கோ போவதற்கு நிற்பதுபோல் இருக்கும். காலையில் லொறியில் போகும்போது பஸ் தரிப்பிடத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் என் கண் போய் அவர்களுடைய தோள்களை அளக்கும். இவன் வளருவான், இவன் இவ்வளவுதான் என்று மனம் தன்பாட்டில் பிரிக்கும். முன்பு இது எனக்கு விளையாட்டாக இருந்தது என்பதை நினைக்க உடம்பு கூசியது.

அடுத்த அறையில் இருந்த மகனும் அன்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். நாங்கள் அறியவில்லை. ஆவணி நடுவில் பயிற்சியாளர் எனக்குப் போன் எடுத்து, உங்கள் மகன் முழங்கை நோகிறது என்று பந்தெறிய மாட்டேன் என்கிறான், வைத்தியரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். அவன் வீட்டுக்குள் வரும்போது பார்த்தோம். தோளை உள்ளுக்கிழுத்து, கழுத்தைத் தாழ்த்தி, கூனி நடந்து வந்தான். ஒருவரும் பழக்காமலே அது அவனுக்கு வந்திருந்தது. மனைவி அவன் அறைக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தேர்வுக்கு வந்த அந்த மனுசனை இன்னொருக்கா வரச் சொல்லிக் கேளுங்கோ," என்றாள்.

வைத்தியர் கையைச் சோதித்து ஒரு குறையும் இல்லை என்றார். தேர்வாளர் இன்னும் முடிவு சொல்லாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அந்த இடம் மகனுக்குக் கிடைத்தது. இப்போது அங்கேதான் படிக்கிறான். நண்பனுக்கு மறுவருடம் வேறொரு பள்ளி கிடைத்தது. தகப்பன்மார் நாங்கள் இருவரும் இன்றைக்கும் முகம் பார்த்துக் கதைக்கிறோம்.

புரட்டாதியில் கிழவர் வந்தபோது மனைவி முன் வாங்கிலேயே போய் இருந்தாள். முழங்கையைப் பற்றி நான் சொன்னது பொய், மன்னிக்க வேண்டும், என்று அவரிடம் நேராகச் சொன்னாள். அவர் காரணம் கேட்கவில்லை. மகன் எறிவதை நெடுநேரம் பார்த்தார். பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்து, தகப்பன் பக்கத்து உயரம் தெரிகிறது, தாயின் பக்கத்தில் ஆண்கள் எப்படி, சகோதரர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். அவர் தொழில் அது. நான் அவசரமாகக் குறுக்கே புகுந்து ஏதோ சொல்லப் போனேன். மனைவி என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

ஒரு தம்பி, என்று பிரெஞ்சில் சொன்னாள். எழுந்து, கையைத் தன் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். பதினாறு வயதில் இவ்வளவு, என்றாள். கிழவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்ல உயரம், இப்போது எவ்வளவு இருப்பார் என்று கேட்டார்.

அவளுக்குப் பிரெஞ்சு வரவில்லை. கை இன்னும் மேலேயே இருந்தது. பிறகு தமிழில் சொன்னாள்.

"கூட்டிக்கொண்டு போகேக்க இவ்வளவு. பிறகு வளந்தானோ தெரியாது."

கிழவர் விளங்காமல் மகனைப் பார்த்தார். மகன் நிமிர்ந்து நின்று, அதை அவருக்குப் பிரெஞ்சில் சொன்னான்.