ஆறு நிமிஷ மாணவி

உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அனுப்பும் அந்தக் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துறையில், பத்து வருஷமாகப் பேர்போன நடிகை ஒருத்தி இருந்தாள். பெயர் சுலோசனா. சம்பளம் வாங்கியது கடைநிலை ஊழியராக. காலையில் அறைகளைத் திறக்க வேண்டும், கரும்பலகை துடைக்க வேண்டும், மாடிக்கும் கீழுக்கும் கோப்பு சுமக்க வேண்டும், பேராசிரியர்களுக்கு டீ வாங்கி வர வேண்டும். நடிப்பு இதற்கெல்லாம் மேலே, இலவசம். கணக்கு மண்டையில் ஏறாத மாணவியாக அவள் பெஞ்சில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள்.

குடியாத்தத்துப் பெண். எண்பத்திரண்டில் சிவராஜைக் கட்டிக்கொண்டு பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டுக்குக் குடிவந்தாள். மாமனார் துறைமுகத்தில் வேலைக்கு வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். சிவராஜ் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தான். தொண்ணூற்றொன்றில் மஞ்சள் காமாலை வந்து பதினைந்தே நாளில் போய்விட்டான். ஐந்து வயது கவிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் கருணை அடிப்படையில் இந்த வேலை கிடைத்தது. விண்ணப்பத்தில் படிப்பு என்ற இடத்தில் 'பத்தாம் வகுப்பு' என்று எழுதினாள். பொய் இல்லை. பத்தாவது படித்தாள், பரீட்சையும் எழுதினாள், கணக்கில் மட்டும் கோட்டை விட்டாள். கோட்டை விட்ட கதையை யாரும் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை.

பி.எட். படிக்கிறவர்களை நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் விட்டுவிட மாட்டார்கள். அதற்கு முன் 'மைக்ரோ டீச்சிங்' என்று ஒன்று உண்டு. ஆறே நிமிஷப் பாடம். ஒருவர் ஆசிரியராக நிற்பார், கூடப் படிக்கும் பத்துப் பேர் தங்களை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாகப் பாவித்து உட்காருவார்கள். பின்னால் பேராசிரியர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு மதிப்பெண் போடுவார். ஆறாவது நிமிஷம் மணி அடித்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட வேண்டும். இதில் ஒரு சங்கடம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பட்டதாரிகள். ஆசிரியர் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்டிவிடுவார்கள். நாளைக்குத் தங்கள் முறை வரும்போது இன்று பாடம் நடத்துகிறவனும் தலையாட்ட வேண்டுமே.

கணிதம் கற்பிக்கும் முறைக்குப் பேராசிரியை பூர்ணிமா லாஹிரி. எல்லாருக்கும் பூர்ணிமா தீதி, அதாவது அக்கா. சுருக்கமாகப் பூர்ணிமாதி. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட தாந்த் கைத்தறிப் புடவை, சுருக்கென்ற வாய். தொண்ணூற்றிரண்டு குளிர்காலத்தில் ஒருநாள் இந்தத் தலையாட்டலைப் பார்த்துச் சலித்துப் போய், சாக்பீஸ் கொண்டுவந்த சுலோசனாவைப் பிடித்து, ஒரு ஆள் குறைகிறது, நீயும் உட்கார், புரியவில்லை என்றால் எழுந்து கேள் என்று பெஞ்சில் தள்ளினார்.

அன்று பாடம் நடத்தியவன் தபன் என்ற பையன். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று எழுதிவிட்டுத் திரும்பினான். சுலோசனா எழுந்து நின்றாள். ஏன் பிளஸ் என்று வங்காளத்தில் கேட்டாள். அது விதி என்றான் தபன். யார் போட்ட விதி என்றாள் அவள். வகுப்பு சிரித்தது. தபனுக்கு அந்த டிசம்பர் குளிரிலும் வியர்த்தது. பின்பக்கமாகத் திரும்பிப் பின்னாலேயே நடந்தால் எங்கே போவோம் என்று நடந்து காட்டி மேஜையில் இடித்துக்கொண்டான். மணி அடித்தது. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சுலோசனா, "இப்ப புரிஞ்சிது" என்று சொல்லி உட்கார்ந்தாள். பூர்ணிமாதி படிவத்தில் 'மாணவரின் ஐயம் தீர்க்கப்பட்டது' என்ற இடத்தில் ஐந்துக்கு நான்கு போட்டார்.

வகுப்பு முடிந்ததும் அவள் முதுகில் தட்டி, எங்கே கற்றுக்கொண்டாய் இந்த நடிப்பை என்றார். சுலோசனா சிரித்துவைத்தாள். அதிலிருந்து வருஷா வருஷம் குளிர்காலம் வந்தால் அவளுக்குப் பெஞ்சில் இடம் நிச்சயம். பிள்ளைகளுக்கு அவள் மாஷி, அதாவது சித்தி. "மாஷியைத் தாண்டிட்டா பள்ளிக்கூடத்தையே தாண்டிடலாம்" என்று பயிற்சி மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். பாடத்துக்கு முதல் நாள் அவளுக்குச் சிங்காரா என்ற வங்காளத்துச் சமோசா வாங்கிக் கொடுத்து, நாளைக்குக் கொஞ்சம் பார்த்துக் கேளுங்கள் என்று காக்கா பிடித்தவர்களும் உண்டு. சிங்காராவைச் சாப்பிட்டுவிட்டுத் தயவு தாட்சண்யமில்லாமல் கேட்பாள்.

விஷயம் என்னவென்றால், அவள் நடிக்கவே இல்லை. எட்டாம் வகுப்பில் அந்த மைனஸில் தடுக்கி விழுந்தவள்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதற்கு மேல் வந்த கணக்கெல்லாம் மூடுபனிக்குள் போன டிராம் மாதிரி, சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் இந்தப் பிள்ளைகளில் யாராவது ஒருத்தர் சொல்லிக் கொடுத்துவிட மாட்டார்களா என்று நிஜமான ஆசையோடுதான் அவள் எழுந்து நின்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. புரிந்தது என்று சொன்னாள்.

இரண்டாயிரத்து இரண்டு மே மாதம், பூர்ணிமாதி துறைத் தலைவராக இருந்தபோது, அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்குக் கடைநிலை ஊழியர்களிலிருந்தே ஒருவரை உயர்த்தலாம், பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், டிசம்பருக்குள் சான்றிதழ் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. பூர்ணிமாதி அவளைக் கூப்பிட்டுத் தானே ஜெயித்த மாதிரி சந்தோஷமாகச் சொன்னார். நாற்காலி, மேஜை, உன் பெயர் எழுதிய பலகை. சான்றிதழை மட்டும் கொண்டு வா.

சுலோசனா கொண்டு வருகிறேன் என்றாள். ஒரு வாரம் கழித்து, பெட்டியில் தேடுகிறேன் என்றாள். இன்னொரு வாரம் கழித்து, ஊரில் அண்ணனிடம் இருக்கிறது என்றாள். இதற்கிடையில் வீட்டில் கவிதாவிடம் விஷயத்தைச் சொல்லிக் கணக்கு சொல்லித் தரும்படி கேட்டாள். கவிதா அந்த வருஷம்தான் மாத்யமிக் என்ற பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். தமிழைவிட வங்காளம் சரளமாக வரும், வங்காளத்தைவிடக் கணக்கு. மூன்று நாள் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாம் நாள், "எவ்ளோ ஷோஜா இது, இதுகூடவா மா?" என்று பேனாவை வைத்துவிட்டுப் போனாள். சுலபமாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வராது என்று சுலோசனாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பூர்ணிமாதியின் அறைக்குப் போனாள். கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். இருவரும் எப்போதும்போல வங்காளத்தில்தான் பேசினார்கள்.

"சான்றிதழ் இல்லை தீதி. கணக்குல ஃபெயில்."

பூர்ணிமாதி கண்ணாடியைக் கழற்றினார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, திரும்ப எழுதினால் போகிறது, இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டு நடிக்கிறவளுக்குக் கணக்கு என்ன கஷ்டம் என்றார்.

"நான் நடிக்கலை தீதி. எனக்கு நிஜமாவே புரியலை."

"எது புரியலை?"

"தபன்ல ஆரம்பிச்சு இந்த வருஷம் வரைக்கும், யார் சொன்னதும் புரியலை. மணி அடிச்சதும் பிள்ளைங்க முகம் சுருங்கிப் போயிடுது. அதான் புரிஞ்சிதுன்னு சொல்லிட்டேன்."

பூர்ணிமாதி எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பத்து வருஷத்துப் படிவங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒரு கட்டைப் பிரித்துப் புரட்டினார். ஐயம் தீர்க்கப்பட்டது, நான்கு. ஐயம் தீர்க்கப்பட்டது, நான்கரை. எல்லாம் அவருடைய கையெழுத்து. இருநூறு ஆசிரியர்களை நற்சான்று கொடுத்து வெளியே அனுப்பியிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரே ஒரு நிஜமான மாணவிக்கு ஒருவர்கூட எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. அதைவிட, பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த தனக்கு அது தெரியவில்லை. சுலோசனா திட்டு வாங்கத் தயாராக நின்றாள். பூர்ணிமாதி திட்டவில்லை. வேலூர்ப் பக்கம் பரீட்சை எப்போது என்று மட்டும் கேட்டார்.

தனித்தேர்வர்களுக்குச் செப்டம்பரில் என்று அண்ணன் சண்முகம் விசாரித்துச் சொன்னார். தமிழ்ப் புத்தகத்தையும் பார்சலில் அனுப்பினார். தினமும் நாலரை மணிக்கு மேல், பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும் அந்த வகுப்பறையில் பூர்ணிமாதி பாடம் எடுத்தார். மணி கிடையாது.

முதல் வாரம் படு தோல்வி. கற்பிக்கும் முறையைப் பற்றி இருபது வருஷமாகப் பேசியவர், ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்து அதே இருபது வருஷம் ஆகியிருந்தது. மூன்று விதமாகச் சொன்னார். குரல் ஏறியது. சுலோசனாவுக்கு அந்த வயசான முகத்தைப் பார்க்கவும் பாவமாகிவிட்டது, பழக்கதோஷத்தில் புரிந்தது என்று சொல்லிவிட்டாள். பூர்ணிமாதி சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, அப்படியென்றால் போடு என்றார். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்மேல பரிதாபப்படாதே. அதான் உன்னைக் கெடுத்தது, என்னையும் கெடுத்தது" என்றார் பூர்ணிமாதி.

அடுத்த நாள் வந்தவர் பேசவே இல்லை. பலகையில் மேலிருந்து கீழாக எழுதினார். மைனஸ் மூன்றை இரண்டால் பெருக்கினால் மைனஸ் ஆறு. ஒன்றால் பெருக்கினால் மைனஸ் மூன்று. பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். அதற்குக் கீழே மைனஸ் ஒன்றால் என்று எழுதி, விடைக்கு இடம் விட்டுவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மழை பெய்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் போயிருக்கும். சுலோசனா மேலேயிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டு வந்தாள். மைனஸ் ஆறு, மைனஸ் மூன்று, பூஜ்யம். ஒவ்வொரு படிக்கும் மூன்று ஏறிக்கொண்டே வருகிறது. அப்படியானால் அடுத்த படியிலும் மூன்றுதான் ஏற வேண்டும், வேறு எதற்கும் அங்கே இடமில்லை. பிளஸ் மூன்று என்று எழுதினாள்.

எழுதியவளுக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவுதானா, இதற்காகவா பதினான்கு வயதிலிருந்து தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்தோம் என்று பலகையையே முறைத்தாள். அப்புறம்தான் கண் கலங்கியது. பூர்ணிமாதி தன் டிபன் டப்பாவைத் திறந்து, கடுகெண்ணெய் போட்டுப் பிசைந்த பொரியில் பாதியை அவள் பக்கம் தள்ளினார்.

அதற்குப் பிறகும் ஒன்றும் தானாக ஓடிவிடவில்லை. வடிவியலில் பத்து நாள் முட்டிக்கொண்டாள். வங்காளத்தில் புரிந்துகொண்டதை பஸ்ஸில் போகும்போது தமிழ்ப் புத்தகத்தில் தேடிப் பொருத்திக்கொண்டாள். கவிதாகூட அம்மாவின் நோட்டை வாங்கிப் பார்த்து வாயை மூடிக்கொண்டு திருத்தினாள்.

செப்டம்பரில் ஹவுராவில் ரயில் ஏறினாள். கல்கத்தாவிலிருந்து காட்பாடிக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். பெட்டி முழுக்க எக்ஸ்ரே உறைகள். எதிர் சீட்டு அம்மாள், உங்களுக்கு என்ன உடம்புக்கு என்று கரிசனமாகக் கேட்டார். கணக்குப் பரீட்சை என்றாள் சுலோசனா. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கணவரின் பித்தப்பைக்காகக் காளிகாட் கோயிலிலிருந்து கொண்டுவந்த பூவில் ஒரு இதழைக் கிள்ளிக் கொடுத்தார். தேர்வு அறையில் சுற்றிலும் பதினாறு வயதுப் பிள்ளைகள். மேற்பார்வையாளர் என்று நினைத்து ஒரு பெண் அவளைப் பார்த்து எழுந்து நின்றது.

நவம்பரில் துறைத் தொலைபேசிக்கு சண்முகம் கூப்பிட்டு மதிப்பெண்ணைச் சொன்னார். டிசம்பர் முதல் வாரம் பதிவுத் தபாலில் சான்றிதழ் வந்தது. அதன் நகலில் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். பூர்ணிமாதிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். மற்றப் பாடங்களுக்கு நேரே எழுபத்தொன்பதாம் வருஷம், கணக்குக்கு நேரே மட்டும் இரண்டாயிரத்து இரண்டு. மதிப்பெண் நாற்பத்தாறு. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அந்த நாற்பத்தாறின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அந்தக் காகிதத்தின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை வந்துவிட்டது.

"இதுல பாதி என்னுது" என்றார்.

சுலோசனா ஒரு மதிப்பெண்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

"பாதின்னா இருபத்து மூணு தீதி. ரெண்டு பேருமே ஃபெயிலாயிடுவோம். முழுசும் எனக்கே இருக்கட்டும்."

பூர்ணிமாதி சிரித்த சிரிப்பில் பேனா கை நழுவி மேஜைக்கு அடியில் உருண்டது. அதைத் தேடி எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நகலில் கையெழுத்துப் போட்டார்.