ஒற்றை விசில்

முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டிய மனிதர். டிப்போவில் பட்டப்பெயர் டயத்துக்காரர். வழியில் பஞ்சர் ஆனாலும் ரயில்வே கேட் மூடிக் கிடந்தாலும், கடைசி நிறுத்தத்துக்குள் விட்ட நேரத்தைப் பிடித்துவிடுவார். "நடுவுல நாலு ஸ்டாப்பைத் தாண்டினா நேரம் தன்னால கைக்கு வந்துடும்" என்று பெருமை வேறு!

ராத்திரி டூட்டியும் பகல் டூட்டியும் மாறி மாறிப் பார்த்ததில் தூக்கம் கெட்டது. பத்து நாளைக்கென்று எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் பத்தொன்பது வருஷம் விழுங்கினார். ஓய்வு பெற்றும் விடவில்லை. போட்டுக்கொண்டால் அடித்துப் போட்ட மாதிரி உறக்கம்.

பிறகு மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு கிடந்தாள். இதயமும் பலவீனம், உரக்கக் கூப்பிடத் தெம்பில்லை. கண்டக்டர் நண்பரின் விசிலை அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். வேலையில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை அவர். வீட்டில் ஒரு ராத்திரி, மாத்திரை உறக்கத்தில், தவறவிட்டார். விடியும்வரை ஈரத்தில் கிடந்தவள், "பஸ்ஸு நிக்காமப் போயிடுச்சு" என்று சிரித்தாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குப் போய், "இந்தச் சனியனை நிறுத்தணும்மா" என்றார். நர்ஸ் பதறிப்போனாள்.

"ஒரேயடியா நிறுத்தினா வலிப்பே வந்துடும், ஐயா. டாக்டர் சொல்றபடி முழுசு, முக்கால், அரை, கால்னு இறங்கணும். ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது ஒரு மாசம். உடம்பைப் பார்த்துட்டுத்தான் அடுத்தது. நீங்களா எதையும் மாத்தக் கூடாது."

முக்காலில் முதல் இரண்டு வாரம் நரகம். எரிச்சல், படபடப்பு, காரணமில்லாத அழுகை. மூன்றாம் வாரம் ஒரு விடியற்காலையில் விசில் கேட்டது. கேட்டேவிட்டது! வேட்டி அவிழ எழுந்து ஓடினார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். காது கேக்குதான்னு பார்த்தேன்" என்றாள். இருவரும் சிரித்தார்கள், அப்புறம் அவர் அழுதார்.

அந்தச் சந்தோஷம்தான் கெடுத்தது. அரையில் எதற்கு வெட்டியாக ஒரு மாதம் நிற்க வேண்டும்? புத்தி டிப்போவை விட்டு வந்தால்தானே! யாரிடமும் சொல்லாமல் நேரே காலுக்கு இறங்கிவிட்டார். நாலாம் நாள் கை உதறியது, வேர்த்துக் கொட்டியது, சமையலறை வாசலில் சுருண்டு விழுந்தார். டாக்டர் மறுபடி முழு மாத்திரைக்கே ஏற்றினார். "லேட்டைப் பிடிச்சிடலாம்னு பார்த்தேம்மா" என்றார் நர்ஸிடம், தலை நிமிராமல்.

பத்தாம் நாள் காலை அவர் கண் விழித்தபோது மனைவி போய்விட்டிருந்தாள். விசில் உதட்டோரம் கிடந்தது.

எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று தேம்பினாள். "விடியக்காலம் விசில் கேட்டுச்சுண்ணே. விட்டு விட்டு, ஒத்தை ஒத்தையா. நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்களேன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

"நீ என்னம்மா பண்ணுவே" என்றார். முக்காலிலேயே ஒழுங்காக நின்றிருந்தால் கேட்டிருக்கும். அது அவருக்குத் தெரியும்.

இனி யாருக்காக விழித்திருக்க வேண்டும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கு என்றார்கள் சொந்தக்காரர்கள். அவர் கேட்கவில்லை. இந்த முறை ஒரு நிறுத்தத்தையும் தாண்டவில்லை. இறங்கி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று.

மாத்திரையே இல்லாத முதல் மாதம் முடிந்ததும் நர்ஸ் கேட்டாள். "தூக்கம் எப்படிங்கய்யா?"

"அரைகுறைதான்மா. ஆனா காது நல்லாக் கேக்குது. குழாய் சொட்டினாக்கூட எழுந்துடறேன்."

பழைய மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எழுந்து, என்ன வேணும்னு கேக்கறேன். அப்புறம்தான் ஞாபகம் வருது."